புதன்கிழமை காலையில் ஒரு ஜோடி வேட்டை

புதன்கிழமை காலை ஐந்தரை மணி! பிடிபி என்று செல்லமாக அழைக்கப்படும் புரதத் தரவு வங்கி, அந்த வாரத்துப் புது வரவுகளை உலகுக்குத் திறந்துவிடும் நேரம் இது. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு ஆரம்பித்த வங்கி, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. உள்ளே நுழைந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

நாம் தேடுவது டாக்கிங் நிரல்களுக்கான தேர்வுக் கேள்விகளை. இரண்டு புரதங்களின் வடிவத்தைக் கொடுத்தால், அவை எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில் ஒட்டும் என்று சொல்வது டாக்கிங். சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த ஜோடிகள் வேண்டும். வங்கியில்தான் ஜோடிகள் கொட்டிக் கிடக்கின்றனவே, அப்புறம் என்ன வேட்டை?

இங்கேதான் சுவாரஸ்யம். கல்யாணப் படம் மட்டும் போதாது. பெண்ணும் மாப்பிள்ளையும் சந்திப்பதற்கு முன் தனித்தனியே எடுத்துக்கொண்ட படங்களும் வேண்டும்! சேர்ந்திருக்கும் புரதங்களில் பக்கச்சங்கிலிகள் ஏற்கெனவே துணைக்கு ஏற்றபடி ஒதுங்கி இடம் விட்டிருக்கும். அவற்றைப் பிரித்துத் திரும்பப் பொருத்தச் சொன்னால் அது தேர்வே அல்ல. ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று பதிவுகள் தேவை. மூன்றாவது கிடைக்காமல் கைவிட வேண்டிய அழகான ஜோடிகள்தான் எத்தனை!

மூன்றும் அமையும்போது வரும் சந்தோஷத்துக்கு பார்னேஸையும் பார்ஸ்டாரையும் பாருங்கள். பார்னேஸ், ஒரு பாக்டீரியா வெளியே சுரக்கும் ஆர்என்ஏ வெட்டி. அது செல்லுக்குள்ளேயே வேலையைக் காட்டினால் பாக்டீரியாவே காலி. அதைத் தடுக்கத்தான் பார்ஸ்டார். நேர்மின்னூட்டம் நிறைந்த வெட்டும் குழியை, எதிர்மின்னூட்டம் கொண்ட தன் முகத்தால் கச்சிதமாக மூடிவிடுகிறது. வங்கிக் குறியீடுகள்: ஜோடி 1பிஆர்எஸ், தனி பார்னேஸ் 1ஏ2பி, தனி பார்ஸ்டார் 1ஏ19. மூன்றும் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும் கணம் இருக்கிறதே, அடடா!

ஆனால் 1பிஆர்எஸ்ஸைத் திறந்ததும் திரையில் ஆறு சங்கிலிகள்! படிகத்தின் அடிப்படை அலகில் அதே ஜோடி மூன்று முறை உட்கார்ந்திருக்கிறது. ஏ-யின் துணை டி, பி-யின் துணை இ, சி-யின் துணை எஃப். படிகத்துக்குள் நெருக்கியடித்து நிற்பதால் பார்னேஸ் பக்கத்துப் பார்னேஸையும் தொடும். செல்லுக்குள் அப்படியோர் உறவே இல்லை. தொடுவதையெல்லாம் ஜோடி என்று நம்பும் தேடல், பொய் விடைகளை அள்ளிக்கொண்டு வரும்.

தரத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் வரும் சரிபார்ப்பு அறிக்கையில், புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்கள் சாத்தியமானவைதானா என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தின் கணக்கு இருக்கும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அதே வரைபடம்! பார்க்கும்போதெல்லாம் பூரிப்பாக இருக்கிறது.

அடுத்து, கேள்வி எவ்வளவு கடினம்? தனியாக இருந்த வடிவத்துக்கும் சேர்ந்த வடிவத்துக்கும் ஒட்டும் முகத்தில் உள்ள வித்தியாசம்தான் முக்கிய அளவுகோல். 2.2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் கடினம். பிற புரதங்களை அணுக்கருவுக்குள் கொண்டுபோகும் இம்போர்ட்டின்-பீட்டா, ரான் புரதத்தோடு சேரும்போது வளைந்து நெளிவதால் அந்தக் கடினப் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. இப்படிச் சலித்தெடுத்த தேர்வு ஜோடிகளை வைத்து ஜிபிங் வெங் குழுவினர் 2003இல் 59 ஜோடிகளோடு தொடங்கிய தொகுப்பு, 2015இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் 230ஐ எட்டியது. இத்தனை பெரிய வங்கியிலிருந்து அவ்வளவுதான் தேறியது என்றால் சல்லடை எவ்வளவு கறார் என்று புரியும்.

இப்போது தேடலில் தேதியும் சேர்ந்துவிட்டது. புரத வடிவங்களைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு 3, 2021 செப்டம்பர் இறுதி வரை வெளியான கட்டமைப்புகளைப் படித்துப் பழகியது. பார்னேஸ் ஜோடியை அதற்குக் கேள்வியாக வைத்தால், பார்த்த விடையைத்தான் ஒப்பிக்கும். அதனால் அந்தத் தேதிக்குப் பிந்திய ஜோடி வேண்டும். பழைய ஜோடி எதையும் அது உரித்துவைத்தாற்போல் இருக்கவும் கூடாது. வடிகட்டியை மாற்றிப் பொத்தானை அழுத்தினால் பட்டியல் சரசரவென்று சுருங்குகிறது. மிஞ்சிய ஒவ்வொன்றையும் திறந்து, சங்கிலி சங்கிலியாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கலாம்!