மார்ஷல் குழுவின் 1971ஆம் ஆண்டு

கால்பந்து என்றால் நமக்குக் காலால் உதைக்கும் ஆட்டமே. அமெரிக்கக் கல்லூரிகளிலோ முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகின்றனர். (பெயர்ப் பொருத்தம் எங்கே என்று கேட்காதீர்கள்!) பந்துடன் எதிரணியின் எல்லையைச் சேர்ந்தால் 6 புள்ளிகள்.

மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மார்ஷல் பல்கலைக்கழகக் குழு, 1970 நவம்பர் 14 அன்று வெளியூர்ப் பந்தயம் முடிந்து திரும்புகையில் விமானம் விழுந்து நொறுங்கியது. ஆட்டக்காரர் 37 பேர், பயிற்சியாளர்கள், ஊர்ப் பிரமுகர்கள் என 75 பேரும் மாண்டனர். இனிக் குழுவே வேண்டாம் என்ற பேச்சும் எழுந்தது.

எனினும் மறு ஆண்டே ஜாக் லெங்கியெல் என்பவர் பயிற்சியாளராக வந்தார். ஆடுவதற்கு ஆள் வேண்டுமே! முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதன்மைக் குழுவில் ஆடலாகாது என்பது அந்நாளைய விதி. மார்ஷலுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தனர். விமானம் ஏறாது தப்பிய சிலரும் பள்ளி முடித்து வந்த பிள்ளைகளுமே புதிய குழு.

முதல் பந்தயத்தில் 6–29 என்று தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25, சொந்த ஊரில், சேவியர் பல்கலைக்கழகத்துடன். 9–13 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி ஆட்டத்தில் ரெஜி ஆலிவர் எறிந்த பந்தைப் பற்றிக்கொண்டு டெர்ரி கார்ட்னர் எல்லைக்குள் ஓடினார். 15–13! நேரமும் அத்துடன் முடிந்தது. மக்கள் மைதானத்தை விட்டு நெடுநேரம் அகலவில்லையாம்.

அவ்வாண்டு ஆடிய பத்தில் எட்டு தோல்வி. பௌலிங் கிரீன் குழுவை 12–10 என்று வென்றது இரண்டாவது வெற்றி.