பூச்சோங் குன்றில் தொலைந்த 2,000 அடி

ஸ்ரீ கெம்பாங்கான்வாசிகளுக்குப் பூச்சோங் பக்கத்து ஊர். அங்கே நெரிசலில் காத்திருக்கும்போது சுற்றியுள்ள குன்றுகளை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? 1989 பிப்ரவரி 19 காலை, அப்படியொரு குன்றில்தான் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று மோதியது. சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 66ஆம் எண் விமானம் அது. உள்ளே இருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

விமானத்தில் கோளாறு இல்லை. அது விமானிகளின் கட்டுப்பாட்டில்தான் பறந்தது. பிறகு எப்படி?

2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னார். எண்ணை ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று ஒவ்வோர் இலக்கமாக உச்சரித்தார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் ‘டூ’வும், ‘இந்த உயரத்துக்கு’ என்னும்போது வரும் ‘டூ’வும் காதுக்கு ஒன்றுதான். விமானி அதை 400 அடி என்று எடுத்துக்கொண்டார். ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றே பதிலும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. விமானம் மோதிய இடத்தின் உயரமோ சுமார் 437 அடி!

காது செய்த பிழை அது. அதைப் பிடிக்க வேண்டிய கவனம் வேறெங்கோ இருந்தது. எந்த முறையில் தரையிறங்குவது என்பதிலேயே விமானி அறையில் குழப்பம். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி அலறியும், யாரும் விமானத்தை மேலே தூக்கவில்லை.

1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மயாமி அருகே நடந்ததும் இதே வகைதான். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் தானியங்கிக் கருவியை நம்பிவிட்டு, எல்லாரும் அந்த விளக்கில் மூழ்கினார்கள். உயரத்தைத் தக்கவைக்கும் பிடி விலகியதை எவரும் கவனிக்கவில்லை. வெளியே கும்மிருட்டு. மெல்ல இறங்குவதை உடலும் உணராது. சதுப்பு நிலத்தில் விழுந்த அந்த விபத்தில் 101 பேர் பலியானார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. எரிந்துபோனது பல்பு மட்டும்தான்.

1981இல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது. சிக்கல் எதுவானாலும், ஒருவர் அதைப் பார்க்க, மற்றவர் விமானத்தைப் பார்க்க வேண்டும் என்பது விமானிகளின் பாலபாடம். தரை எச்சரிக்கை ஒலித்தால், ஏன் எதற்கு என்று ஆராயாமல் முதலில் மேலே ஏற வேண்டும்.

வானொலியில் என் கவனம் சிதறினால் பாட்டு மாறிப்போகும். நேயர்கள் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவார்கள். சாலை மன்னிக்காது. காரோட்டும்போது கைப்பேசி மின்னினால், மயாமியில் எரியாமல்போன அந்தப் பல்பை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். கண் சாலையிலேயே இருக்கட்டும்.