இடங்கள் பெருகினால் தரம் குறையுமா?

கல்லூரியில் நான் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், இளநிலை இறுதியாண்டு மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் சேர்வதற்கு எனக்கு இனி வழி இருக்கிறதா, சார்?" என்று கேட்டார். சிற்றூரில் தமிழ் வழியில் படித்தவர் அவர். அப்படியொரு நிறுவனம் இருப்பதையே கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்திருந்தார். பிளஸ் 2 முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்றே அன்று அங்கே சட்டப் பட்டம் பெறுவதற்கான வழி. "இல்லையம்மா, அந்தக் கதவு பதினேழு வயதிலேயே மூடப்பட்டுவிடுகிறது" என்றுதான் என்னால் விடை கூற முடிந்தது.

2022-ஆம் ஆண்டில் அதே நிறுவனம், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்களுக்கான மூன்றாண்டு சட்டப் படிப்பைத் தொடங்கியபோது, அந்த மாணவியின் கேள்விதான் என் நினைவுக்கு வந்தது. இந்திய தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால வளர்ச்சியைப் பேசுவோர் பலரும் அதன் தரவரிசையைத்தான் பேசுகின்றனர். திறக்கப்பட்ட இந்தக் கதவு அதனினும் பெரிய செய்தி என்பது என் கருத்து.

கர்நாடக சட்டப்பேரவை 1986-இல் இயற்றிய சட்டத்தின்படி உருவான இந்நிறுவனத்தில் முதல் அணி மாணவர்கள் 1988-இல் சேர்ந்தனர். இந்திய தலைமை நீதிபதியே இதன் வேந்தர். சட்டக் கல்வி என்றால் மாலை நேரத்தில் வந்து குறிப்பெடுத்துப் போவது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. அதை மாற்றியவர் முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். சட்டத்துடன் வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றையும் பயிற்றுவிப்பது, பாடந்தோறும் ஆய்வுக் கட்டுரை எழுதச் செய்வது, சட்ட உதவி மையத்தில் ஏழை மக்களின் வழக்குகளோடு மாணவர்களைப் பழக்குவது என்று அவர் வகுத்த முறை, பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியானது. இன்று நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் இயங்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று.

பெங்களூரு நிறுவனத்தின் சாதனைகளில் ஐயமில்லை. உலகின் பெரிய மாதிரி நீதிமன்றப் போட்டியான ஜெஸப் போட்டியில் 1999-இலும் 2013-இலும் அதன் மாணவர்கள் வாகை சூடினர். மத்திய அரசின் தேசிய தரவரிசையில் சட்டத்துக்கெனத் தனிப் பிரிவு அறிமுகமான 2018 முதல் அது முதலிடத்திலேயே இருந்துவருகிறது.

ஆனால், பொருளாதார ஆசிரியனான எனக்கு ஓர் ஐயம் நெடுநாளாக இருந்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அங்கே ஐந்தாண்டுப் படிப்பில் ஆண்டுக்குச் சுமார் 80 பேர் மட்டுமே சேர்க்கப்பட்டுவந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் எழுதும் நுழைவுத் தேர்வில் முதல் 80 பேரைத் தெரிந்தெடுக்கும் ஒரு நிறுவனம் எதைக் கற்பித்தாலும் அதன் மாணவர்கள் வெற்றிபெறவே செய்வார்கள். அந்த வெற்றியில் கற்பித்தலின் பங்கு எவ்வளவு, தெரிந்தெடுத்தலின் பங்கு எவ்வளவு? கிடைப்பதற்கரிய பொருளுக்கு விலை கூடும். விலை கூடியதாலேயே அது தரமான பொருள் என்று ஆகிவிடாது. கல்விக்கும் இது பொருந்தும்.

2020-க்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. ஐந்தாண்டுப் படிப்பின் ஆண்டுச் சேர்க்கை படிப்படியாக உயர்ந்து, பழைய அளவைப்போல் மூன்று மடங்கை எட்டியது. மூன்றாண்டுப் படிப்பு புதிதாக வந்தது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் கர்நாடக மாணவர்களுக்கும் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இடங்களைப் பெருக்கினால் தரம் குறையும், இடஒதுக்கீடு மற்றவர்களின் வாய்ப்பைப் பறிக்கும் என்ற இரண்டு அச்சங்களும் வழக்கம்போல் எழுந்தன.

இரண்டாவது அச்சத்துக்குக் கணக்கே விடை சொல்லும். மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு தர 2006-இல் முடிவானபோது, மொத்த இடங்களை 54 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று வீரப்ப மொய்லி குழு பரிந்துரைத்தது. அதற்கு முன்பு 100 இடங்களில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 22.5 போக, பொதுப் பிரிவில் 77.5 இடங்கள் இருந்தன. புதிய முறையில் 154 இடங்களில் பொதுப் பிரிவின் பங்கு 50.5 சதவீதம், அதாவது, ஏறத்தாழ 78 இடங்கள். எவரும் எதையும் இழக்கவில்லை. விரிவாக்கத்தோடு இணைந்து வரும் சமூகநீதி, ஒருவர் பெற்றால் மற்றொருவர் இழக்க வேண்டும் என்ற நிலையையே மாற்றிவிடுகிறது. பெங்களூருவில் இடங்கள் பெருகியதன் பொருளும் இதுவே.

முதல் அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. மாணவர் எண்ணிக்கை மூன்று மடங்கானால், ஆசிரியர்கள், வகுப்பறைகள், நூலக இருக்கைகள், விடுதி அறைகள் ஆகியவையும் அந்த அளவுக்கு உயர வேண்டும். ஒவ்வொரு மாணவரின் ஆய்வுக் கட்டுரையையும் ஓர் ஆசிரியர் படித்துக் கேள்வி கேட்பதுதான் மாதவ மேனன் முறையின் உயிர். அது போய்விட்டால் கட்டடங்கள் மட்டுமே எஞ்சும். இடங்கள் கூடும்போது கட்டண வருவாயும் கூடும். ஆண்டுக் கட்டணமே பல லட்சம் ரூபாயாக இருக்கும் நிலையில், அந்த வருவாயில் எவ்வளவு பகுதி ஆசிரியர் நியமனத்துக்கும் ஏழை மாணவர் உதவித்தொகைக்கும் செல்கிறது என்பதே வளர்ச்சியின் உரைகல்.

நுழைவாயிலில் இன்னொரு தடையும் இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. தனிப் பயிற்சிக்குப் பணம் செலவிட இயலாத, தாய்மொழி வழியில் படித்த மாணவருக்கு, கூடுதல் இடங்கள் கண்ணுக்குத் தெரியுமே தவிர, கைக்கு எட்டாது. இந்த இடைவெளியை உணர்ந்துதான், அங்கு படித்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர், எளிய குடும்பத்து மாணவர்களைத் தேடிச் சென்று பயிற்சி அளிக்கும் 'இடியா' என்ற அமைப்பை 2010-இல் தொடங்கினார். தனி மனிதர் ஒருவர் காட்டிய அக்கறை, நிறுவனங்களின் கடமையாக மாற வேண்டும்.

படித்து வெளியேறுவோர் எங்கே செல்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் அணி மாணவர்கள் பட்டம் பெற்றது 1993-இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான் பொருளாதாரத் தாராளமயம் தொடங்கியிருந்தது. புதிதாக வந்த முதலீடுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் திறமையான சட்ட வல்லுநர்கள் தேவைப்பட்டனர். நீதிமன்றங்களுக்கும் சட்ட உதவிக்கும் பயன்படுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட இளைஞர்களில் பலர் பெருநிறுவனங்களின் பக்கம் சென்றதற்கு இதுவே காரணம். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. ஊதியம் இருக்கும் இடத்தை நோக்கி உழைப்பு நகரும் என்பது நான் வகுப்பில் கற்பித்த பாடம்தான்.

மறுபுறம், நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 39ஏ பிரிவு. அங்கே செல்லும் இளைஞர் எதை வைத்து வாழ்வது? இளம் வழக்குரைஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, பிற இடங்களில் ரூ.15,000 குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் அறிவுறுத்தியது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, நல்ல சட்டப் பள்ளிகள் எத்தனை உருவானாலும் அவற்றின் பயன் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலை எட்டுவது கடினம்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி பின்னர் ஓர் அரசு சட்டக் கல்லூரியில் படித்தார். இப்போது மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் வழக்குரைஞராக இருக்கிறார். முதல் மூன்றாண்டுகள் தமக்குக் கிடைத்தது பேருந்துக் கட்டணத்துக்கே போதவில்லை என்று ஒருமுறை சொன்னார். ஜீவனாம்ச வழக்குகளையும் நிலத் தகராறுகளையும் எடுத்து நடத்தும் அவருடைய பெயர் எந்தத் தரவரிசையிலும் இடம்பெறப் போவதில்லை.

அவரைப் போன்ற எத்தனை பேர் உள்ளே வர முடிகிறது, உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் அவர் நிற்கும் இடத்துக்குச் செல்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு சட்டப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை பேரை வெளியே நிறுத்தினோம் என்பது ஒரு கல்வி நிறுவனத்துக்குப் பெருமை ஆகாது.