வில் மைதானத்தில் விசிலே சட்டம்!

விளையாட்டில் பெயர் எடுத்தால் பிள்ளைக்கு ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் பெற்றோர் நம்மில் ஏராளம். அவர்களில் சிலரது கண் வில்வித்தை மீதும் விழுந்திருக்கிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ராஞ்சி அருகே ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, 1996-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கப்பட்ட டாடா வில்வித்தைப் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார்.

ஆனால் வில் விளையாட்டுச் சாமான் அல்ல. போட்டி வில்லிலிருந்து கிளம்பும் அம்பு மணிக்குச் சுமார் 200 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். 2020 ஜனவரியில் அசாமில் பயிற்சியின்போது ஓர் அம்பு தவறிப் பாய்ந்து, ஒரு சிறுமியின் கழுத்தருகே தைத்தது. விமானத்தில் தில்லிக்குக் கொண்டுவந்து, எய்ம்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அம்பை எடுத்தார்கள். நல்ல வேளையாக அவள் பிழைத்துக் கொண்டாள்.

ஆகவே, சந்தா கட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போங்கள். ஓரமாக நின்று சற்று நேரம் கவனியுங்கள்.

ஒரே கோடு

எய்பவர் அனைவரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சிறுவர்களுக்குத் தூரம் குறைய வேண்டுமானால், இலக்கைத்தான் முன்னே கொண்டுவர வேண்டும். பிள்ளைகளைக் கோட்டுக்கு முன்னே நிறுத்தலாகாது. தன் முறைக்குக் காத்திருப்போருக்கு, குறைந்தது 5 மீட்டர் பின்னால் இன்னொரு கோடு இருக்க வேண்டும். எய்யும் கோட்டுக்கு வெளியே, அம்பு இல்லாமல்கூட, யாரும் வில்லை வளைக்கக் கூடாது. வானத்தை நோக்கி நாணை இழுப்பதும் கூடாது. கை நழுவினால் அம்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

இலக்குக்குப் பின்னால் என்ன?

முக்கியமான கேள்வி இதுதான். இலக்குக்குப் பின்னால் மண்மேடு, வலை அல்லது தாராளமான காலியிடம் இருக்க வேண்டும். நம் நகரங்களில் மைதானத்தின் ஒரு மூலையில் கிரிக்கெட் நடக்கும். இன்னொரு மூலையில் ஆடு மேயும். குறுக்கே ஒற்றையடிப் பாதை ஓடும். கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தைத் தடுக்காத இடத்தில் வில்லை எடுக்கவே கூடாது.

விசில் கணக்கு

சர்வதேசப் போட்டிகளில் உள்ள வழக்கம் இது: இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம். ஒரு விசில் என்றால் எய்யலாம். மூன்று விசில் கேட்ட பிறகே அம்பு எடுக்கப் போகலாம். ஐந்து அல்லது அதற்கு மேல் ஊதினால் ஆபத்து. அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அம்பு கைதவறிக் கோட்டுக்கு முன்னால் விழுந்தாலும், மூன்று விசில் வரும்வரை குனிந்து எடுக்கப் போகக் கூடாது.

பிடுங்கும்போதும் கவனம்

அம்பு எடுக்க ஓடக் கூடாது. இலக்கில் தைத்த அம்பின் வால் கண் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். தடுக்கி விழுந்தால் கண் போய்விடும். பிடுங்குகிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தமக்குப் பின்னால் ஆள் இல்லை என்று பார்த்து, ஒரு கையால் இலக்கை அழுத்தி, மறு கையால் இழுக்க வேண்டும். விரிசல் கண்ட அம்பை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டால் வில்லே உடையக்கூடும்.

இவ்வளவும் பார்த்தபின் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: “ஆபத்தைக் கண்டால் என் பிள்ளை 'நிறுத்து' என்று கத்தலாமா?” “யார் வேண்டுமானாலும் கத்தலாம்” என்று அவர் சொன்னால் தைரியமாகச் சேருங்கள். பிள்ளைக்கு ஊர்ப் பாஷை சரளமாக வராவிட்டாலும் கவலை வேண்டாம். விசிலுக்கு மொழி கிடையாது.