தனித்திருக்கும் கணினிக்கு மறையாக்கம் எதற்கு?

"எங்கள் வீட்டுக் கணினிக்கு இணைய இணைப்பே கிடையாது. பிள்ளை பாடம் எழுதுகிறான். கோயில் கணக்கும் கலியாணப் படங்களும் அதில் இருக்கின்றன. அதற்குப் போய் மறையாக்கம், பூட்டு என்றெல்லாம் வேண்டுமா?" என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

மறையாக்கம் என்றால், எழுதியதைப் பிறருக்குப் புரியாத எழுத்துக் கலவையாக மாற்றி வைப்பது. திறவுச்சொல் தெரிந்தவர் மட்டுமே அதை மீண்டும் படிக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. வங்கிப் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்று வருகிறதல்லவா? அது வழியில் போகும் செய்தியைக் காப்பது. எங்கும் செய்தி அனுப்பாத கணினிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மற்றொன்று, வட்டில் இருக்கும் செய்தியை இருக்கும் இடத்திலேயே காப்பது. தனித்திருக்கும் கணினிக்கு வேண்டியது இதுதான்.

'கணினியைத் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்கிறதே, அது போதாதா?' என்பீர்கள். போதாது. அது வாசலில் நிற்கும் காவற்காரன் மட்டுமே. நாலு திருகாணியைக் கழற்றி, வட்டை எடுத்து வேறொரு கணினியில் மாட்டினால், கடவுச்சொல் கேட்காமலே எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருடன் புகுந்து, மடிக்கணினியையும் ஒரு வெளிவட்டையும் தூக்கிச் சென்றான். அதில் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகக் காப்பு எண் ஆகியவை இருந்தன. மறையாக்கம் செய்யப்படவில்லை. அடுத்த மாதக் கடைசியில் பொருள்கள் கிடைத்துவிட்டன என்றாலும், வழக்கைத் தீர்க்க அரசு 2009இல் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இணையத்தின் வழியாக ஓர் எழுத்துகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பழைய கணினியை விற்கும்போதும் இதே தொல்லைதான். எம்.ஐ.டி. மாணவர் இருவர் பழைய வட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129 வட்டுகளில் 5,000க்கும் அதிகமான கடனட்டை எண்கள் அகப்பட்டன. நாம் 'அழித்துவிட்டேன்' என்று நினைக்கும்போது, பெரும்பாலும் பொருளடக்கத்திலிருந்து பெயர்தான் நீங்குகிறது. பக்கம் அப்படியே இருக்கும். முதலிலிருந்தே மறையாக்கம் செய்த வட்டாக இருந்தால், வாங்கியவருக்குக் கிடைப்பது வெறும் கலவைதான். அடையாள அட்டை நகலையும் சேமநிதிக் கடிதத்தையும் கணினியில் வைத்திருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் மறையாக்கம் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. நீங்கள் திறந்து வேலை செய்யும்போது வட்டும் திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை நண்பனிடமிருந்து வாங்கி வந்த பென்டிரைவில் வைரஸ் இருந்தால், அது தாராளமாகப் படிக்கும், கெடுக்கும். இடி விழுந்து கணினி கருகினாலும் மறையாக்கம் உதவாது. அதற்கு வேறொரு வட்டில் நகல் எடுத்து வைப்பதுதான் வழி. அந்த நகலையும் மறையாக்கம் செய்யுங்கள்.

செலவு அதிகமில்லை. விண்டோஸின் உயர்ந்த பதிப்புகளில் 2007 முதல் பிட்லாக்கர் இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் ஃபைல்வால்ட் உண்டு. இவை இல்லாதவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளை வேறிடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம்.

தொடங்குமுன் ஒன்று. பிட்லாக்கர் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்றைத் தரும். திறக்க வழியில்லாமல் போனால் அதுதான் துணை. அதுவும் தொலைந்தால் பட்டணத்துக் கணினிக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு வையுங்கள். கணினி மேசையின் இழுப்பறையில் மட்டும் வேண்டாம்.