வேப்பங்கொட்டைக் கரைசலும் போர் தண்ணியும்

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சும் புழு அப்படியேதான் இருக்கு" என்று உழவர்கள் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, எந்தத் தண்ணியில ஊறப் போட்டீங்க என்றுதான். (பூஞ்சணம் பிடிச்ச பழைய கொட்டை என்றால் அது வேறு கதை.)

வேம்பில் உள்ள அசாடிராக்டின் லேசான புளிப்பில்தான் நிலைக்கும். பி.எச். 4 முதல் 6 வரை அதற்கு ஏற்றது. காரத் தண்ணியில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

அது என்ன பி.எச்.? தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி என்று இரண்டு உண்டு. இரண்டும் சமமாக இருந்தால் 7. முதலாவது கூடினால் அமிலம், எண் இறங்கும். மற்றது கூடினால் காரம், எண் ஏறும். ஓர் எண் மாறினாலே பத்து மடங்கு. 8-க்கும் 6-க்கும் ரெண்டுதானே வித்தியாசம் என்று நினைக்காதீங்க, நூறு மடங்கு!

அந்த எண் மட்டும் தெரிந்தாலும் போதாது. மழைத்தண்ணி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில் விழுகிறது. அதுவே மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கும்போது பைகார்பனேட் சேர்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். நாம் ஊற்றும் புளிப்பை எல்லாம் பைகார்பனேட் தின்றுவிடும். அது தீருகிறவரை பி.எச். மெதுவாகத்தான் இறங்கும். அதனால் 8 காட்டுகிற இரண்டு போரில் ஒன்றுக்கு ஒரு மூடி எலுமிச்சை போதும், இன்னொன்றுக்கு நாலு பழம்கூட பத்தாமல் போகலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். சிவப்புச் செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டுச் சாறு எடுங்கள். அது காரத்தில் பச்சையாகும், புளிப்பில் சிவக்கும். ஒரு லிட்டர் போர் தண்ணியில் எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தம்ளரில் எடுத்துச் செம்பருத்திச் சாறு கலந்து பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிகிறபோது எத்தனை கரண்டி ஆச்சு என்பதுதான் கணக்கு. பி.எச். தாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

100 லிட்டர் முழுக்க எலுமிச்சை ஊற்றினால் கட்டுபடியாகாது. 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறப் போடுவது 10 லிட்டரில்தானே? அதை மட்டும் புளிப்பாக்கினால் போதும். மழைத்தண்ணி இருந்தால் அதுகூட வேண்டாம். ஆனால் புதுச் சிமெண்ட் தொட்டியில் பிடித்ததாக இருக்கக் கூடாது, சிமெண்டே காரம் விடும். மீதி 90 லிட்டரையும் காதி சோப்புக் கரைசலையும் தெளிக்கிற நேரத்தில் சேருங்கள், சோப்பும் காரம்தான். கலந்ததை அன்றைக்கே அடிச்சு முடிச்சிடுங்க. மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.