மேசைமேல் ஒரு பழைய விளக்கு

பழமையின்மீது நம் இல்லங்களில் இன்று ஒரு புதிய நாட்டம் தோன்றியுள்ளது. பாட்டனார் காலத்துக் கடிகாரத்தையும் பித்தளைக் குத்துப்போணியையும் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைக்கிறோம். பரணில் ஏதும் இல்லாதோர் கடைகளில் தேடி வாங்குகின்றனர். இவ்வாறு வாங்கப்படும் பொருள்களுள் மேசை விளக்கு தனித்தன்மை உடையது. பழைய நாற்காலி பழுதுபட்டிருந்தால் அழகு குறையும், அவ்வளவே. மேசை விளக்கோ மின்சாரத்தோடு உறவுடையது. அது பழுதுபட்டிருந்தால் உயிருக்கே இடர் நேரும். ஆதலின் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்துச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

யாருக்காக இவ்விளக்கு?

கடைக்குப் புறப்படுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இவ்விளக்கின் அருகில் அமரப் போகிறவர் யார்? தேர்வுக்குப் படிக்கும் மகளா? பார்வை மங்கிய மாமியாரா? இரவில் கணக்கெழுதும் குடும்பத் தலைவரா? அல்லது எவரும் அமராத மூலையில் அழகுக்காக அது நிற்கப் போகிறதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது எனலாம்.

படிப்பவருக்கு ஏற்றது, கை மடங்கி நிமிரும் வில்சுருள் விளக்கு. இங்கிலாந்தில் பாத் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்னும் பொறியாளர் 1932-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். மோட்டார் வண்டிகளின் அதிர்வைத் தாங்கும் அமைப்புகளை ஆராய்ந்தவர் அவர். நம் கை தசைகளின் இழுவிசையால் எந்நிலையிலும் நிற்பதுபோல, வில்சுருள்களின் இழுவிசையால் விளக்கும் வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. வில்சுருள் செய்வதில் பெயர்பெற்ற ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் அதனை 'ஆங்கிள்பாய்ஸ்' என்னும் பெயரில் தயாரித்தது. 1935-இல் வெளிவந்த மூன்று வில்சுருள் விளக்கே பின்னர் உலகெங்கும் பரவிய எண்ணற்ற மேசை விளக்குகளுக்கு முன்மாதிரி. இத்தகைய பழைய விளக்கை வாங்குவோர், அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். விட்ட இடத்தில் நின்றால் நன்று. மெல்லத் தலைகவிழ்ந்தால் சுருளோ மூட்டோ தேய்ந்துள்ளது என்று பொருள்.

கணக்கெழுதும் மேசைக்கு ஏற்றது, பித்தளைத் தண்டின்மேல் பச்சைக் கண்ணாடி கவிந்த விளக்கு. வங்கி விளக்கு என்று இதனை அழைப்பர். 1909-இல் ஹாரிசன் மெக்ஃபாடின் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை கோரிய 'எமரலைட்' விளக்கே இவ்வகையில் புகழ்பெற்றது. இதன் கண்ணாடி வெளியே பச்சை, உள்ளே வெண்மை என இரண்டு அடுக்காக அமைந்தது. வெளிப்புறப் பச்சை கண்ணுக்கு இதம் தருகிறது. உட்புற வெண்மை ஒளியைத் தாளின்மீது வீழ்த்துகிறது. ஆகவே வாங்குமுன் கண்ணாடியைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். அங்கே வெண்மை இல்லையேல் அழகு மிஞ்சும், ஒளி மிஞ்சாது.

வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் செப்புத் தகட்டால் விளிம்பு கட்டி, ஈயப் பற்றாசால் இணைத்துச் செய்த 'டிஃபனி' விளக்குகள் வேறொரு வகை. லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் நியூயார்க் பட்டறையிலிருந்து வந்த அவ்விளக்குகளின் புகழ் முழுவதும் நெடுங்காலம் அவர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. பின்னர், அங்கே பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கிளாரா டிரிஸ்கால் எழுதிய கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. புகழ்பெற்ற விளக்குகள் பலவற்றை வடிவமைத்தவர் அவரே என்பதையும், கண்ணாடியைத் தேர்ந்து வெட்டியவர்கள் அவருடன் உழைத்த பெண்களே என்பதையும், 2007-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் நடந்த கண்காட்சி உலகறியச் செய்தது. பிறர் வீட்டுக்கு ஒளியமைத்தோரின் பெயர் ஒரு நூற்றாண்டுக் காலம் இருளில் கிடந்தது! இன்று கடைகளில் அப்பெயரால் விற்கப்படுவன பெரும்பாலும் அப்பாணியில் செய்யப்பட்ட புதியவையே. அதில் குற்றமில்லை, ஆனால் பழையதன் விலையைக் கொடுத்துவிடலாகாது. மேலும் வண்ணக் கண்ணாடி ஒளியைப் பெரிதும் தடுக்கும். ஆகவே அது கூடத்துக்கு அழகு; படிப்புக்கு உதவாது.

மண்ணெண்ணெய் விளக்குகள்

நம் நாட்டில் பழைய மேசை விளக்கைத் தேடுவோர் காரைக்குடிக்குச் செல்வதுண்டு. அங்கே முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உள்ளன. கடல் கடந்து வணிகம் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் ஐரோப்பாவிலிருந்து வருவித்த பொருள்கள் பல, மாளிகைகள் வெறுமையானபோது கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பீங்கானாலும் கண்ணாடியாலும் பித்தளையாலும் ஆன மண்ணெண்ணெய் மேசை விளக்குகளும் இத்தகைய கடைகளில் கிடைக்கும்.

இவற்றை வாங்குவோர் முதலில் திரியை ஏற்றி இறக்கும் திருகைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தில் விரிசல் உண்டா என்று ஒளியில் பிடித்து நோக்க வேண்டும். மின்விளக்காக மாற்ற விரும்புவோர் கிண்ணத்தில் துளையிடச் சம்மதிக்கலாகாது. திரிமுகப்பைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அவ்விடத்திலேயே பல்பு ஹோல்டரைப் பொருத்த வழியுண்டு. துளையிட்ட விளக்கு மீண்டும் பழைய விளக்காகாது.

உயிர்காக்கும் சோதனை

இனி, எல்லாவற்றினும் இன்றியமையாத செய்திக்கு வருவோம். பழைய விளக்கின் உடல் நூறாண்டு வாழலாம். அதன் ஒயர் வாழாது. முற்காலத்து ஒயர்கள் ரப்பர் உறையின்மேல் நூலுறை பின்னப்பட்டவை. காலப்போக்கில் ரப்பர் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். வெளியே நூலுறை அழகாகத் தோன்றும். உள்ளே செம்புக் கம்பி வெறுமையாய்க் கிடக்கும். அக்கம்பி உலோகத் தண்டைத் தொட்டால் விளக்கு முழுவதும் மின்சாரம் பாயும். சுவிட்சைத் தேடி இருட்டில் நீளும் குழந்தையின் கை முதலில் தொடுவது அத்தண்டைத்தான் என்பதை மறவாதீர்.

எனவே, 'எரிகிறது பாருங்கள்' என்று கடைக்காரர் காட்டுவதைச் சான்றாகக் கொள்ளாதீர். எரிவது வேறு, பாதுகாப்பாக எரிவது வேறு. வாங்கிய விளக்கைத் தேர்ந்த மின்பணியாளரிடம் கொடுத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புதிய ஒயரும் ஹோல்டரும் சுவிட்சும் பொருத்தச் செய்யுங்கள். உலோக விளக்காயின் மூன்று கம்பி ஒயரும் மூன்று முனைப் பிளக்கும் கட்டாயம் வேண்டும். எர்த் கம்பியை உலோக உடலோடு இணைக்க வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாம் துளைக்கு உண்மையிலேயே எர்த் இணைப்பு உண்டா என்பதையும் அப்போதே சோதித்துவிடுவது நல்லது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வீட்டில் இருந்தால் இரட்டைக் காவல்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் விளக்குகள் அங்குள்ள 120 வோல்ட்டுக்கு ஏற்றவை. நம் மின்சாரம் 230 வோல்ட்டு. அவற்றின் பல்பை இங்கே அப்படியே ஏற்றலாகாது. ஹோல்டரையும் பிளக்கையும் மாற்றியாக வேண்டும்.

வெப்பமும் பகையே. பட்டு, தாள் முதலியவற்றால் ஆன பழைய ஷேடுகள் இழை பல்பின் சூட்டில் கருகும், தீப்பற்றவும் கூடும். இதற்கு இன்று எளிய தீர்வு உண்டு. 60 வாட் இழை பல்பின் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது, சூடு மிகக் குறைவு. 2700 கெல்வின் என்று குறித்த பல்பை வாங்கினால் பழைய விளக்குக்கு ஏற்ற இளமஞ்சள் ஒளி கிடைக்கும்.

உண்மையும் போலியும்

பித்தளை என்று சொல்லி விற்பதைச் சிறு காந்தத்தால் சோதிக்கலாம். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நெடுங்காலம் மேசையில் இருந்த விளக்கில் தேய்மானம் சீராக இராது. எங்கும் ஒரேபடித்தான 'பழமை' தென்பட்டால் ஐயுறுக. அடி கனமாக இருத்தல் வேண்டும். விரலால் தள்ளினால் சாயும் விளக்கு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நாற்காலியில் அமர்ந்தவர் கண்ணுக்கு நேராக ஷேடின் கீழ் விளிம்பு வருமாறு உயரம் இருக்கட்டும்; பல்பு கண்ணைக் கூசாது.

இல்லத்தரசியருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்தவுடன் புளியிட்டுத் துலக்க விரைய வேண்டாம்! குத்துவிளக்குக்குத் தகும் அம்முறை, முலாமும் வார்னிஷும் பூசிய விளக்குக்குத் தகாது, பூச்சு உரிந்துபோகும். மின்விளக்கில் ஈரம் புகுவதும் கேடு. மென்மையான உலர்ந்த துணியே போதும்.

இறுதியாக ஒன்று. விலையுயர்ந்த விளக்கை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளை நாம் கண்டதுண்டு. அதன் கீழேயே பிள்ளைகள் மங்கிய ஒளியில் படிப்பதையும் கண்டதுண்டு. விளக்கைச் செய்தவர் அதனை ஏற்றுவதற்கென்றே செய்தார். எனவே குறைந்த விலையில் எளிய விளக்கொன்றைத் தேர்ந்து, மிஞ்சிய பணத்தில் அதன் ஒயரைப் புதுப்பித்து, நாள்தோறும் மாலையில் அதனை ஏற்றுங்கள். அதன் அருகே ஒருவர் படிக்கட்டும், மற்றொருவர் தைக்கட்டும். அவ்வில்லத்தில்தான் பழைய விளக்கு தன் பணியைத் தொடர்கிறது.